பழைய கணினியும் புதிய திரையும்

மும்பையின் துறைமுக ரயில் பாதை 1992-ஆம் ஆண்டு வரையில் மான்குர்த் நிலையத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் சேற்று நிலமும் கடற்கழியுமே கண்ணுக்குத் தெரியும். அவ்வாண்டில் கழியின்மீது பாலம் அமைந்து, ரயில் வாஷியை எட்டிற்று. பாலம் கட்டுகிறவர் இரு கரைகளையும் அளந்தறிந்த பின்னரே முதற் கல்லை நாட்டுவர். நான் இன்று சொல்லவிருப்பதும் இரு கரைகளின் வரலாறுதான். ஒரு கரையில் நிற்பது சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சில வீடுகளில் நுழைந்த சிறு கணினி. மறு கரையில் நிற்பது இன்று நம் கூடத்துச் சுவரில் தொங்கும் தட்டைத் திரைத் தொலைக்காட்சி. இவ்விரண்டையும் இணைக்க முயன்றபோது நான் கற்றவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மான்குர்த்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. டிராம்பேக்கு அருகிலிருந்த ஜனதா காலனியில் குடியிருந்தது. 1976-ஆம் ஆண்டில் அக்குடியிருப்பு அகற்றப்பட்டபோது சீத்தா கேம்புக்குச் சென்று, பின்னர் மான்குர்த்தில் நிலைத்தது. நண்பரின் தமையனார் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். அவர் 1985-ஆம் ஆண்டில், கப்பலில் வேலைபார்த்த உறவினர் ஒருவர் மூலம் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு கணினியைத் தருவித்தார். அது சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற பெயருடையது. ஒரு தடித்த புத்தகத்தின் அளவே இருக்கும், கறுப்பு நிறம், ரப்பர் விசைகள், நினைவகம் 48 கிலோபைட். ஆங்கிலப் பள்ளியிற் படித்துவந்த தம் மகள் தமிழெழுத்தை மறந்துவிடலாகாது என்று, எழுத்துக்களைத் திரையில் எழுதிக் காட்டும் செய்நிரல் ஒன்றை அவர் தாமே இயற்றி, ஒலிநாடாவில் பதிந்துவைத்தார்.

தமையனார் இப்பொழுது இல்லை. கணினியும் ஒலிநாடாவும் பரணில் இருந்தன. வீட்டைச் செப்பனிட நேர்ந்தபோது இரண்டும் கீழே இறங்கின. நண்பர் கணினியைத் தம் புதிய தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்த்தார். ‘சிக்னல் இல்லை’ என்ற இரு சொற்களே நீலத் திரையில் தோன்றின. கருவி செத்துவிட்டது என்று எண்ணி, மும்பைத் தமிழர் ‘பங்கார் கடை’ என்று சொல்லும் பழம்பொருட் கடைக்கு அதை அனுப்பச் சித்தமாயிருந்த வேளையில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு வாரம் பொறுக்குமாறு வேண்டிக்கொண்டேன்.

கருவி சாகவில்லை என்று நான் ஐயுற்றதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன், கணினி என்னும் பொருள் தொலைக்காட்சியின் உதவியை ஏன் நாடியது என்பதை அறிய வேண்டும்.

நம் நாட்டில் கணினிக்கும் கண்ணாடித் திரைக்கும் ஏற்பட்ட தொடர்பு பம்பாயிலேயே தொடங்கிற்று எனலாம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960-ஆம் ஆண்டில் முழு அளவில் இயங்கத் தொடங்கிய கணினிக்கு, 1962-இல் டிஃப்ராக் என்று பெயர் சூட்டப்பட்டது. சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் அதனை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் அதில் இருந்தன. விடைகளை எண்ணாகவும் எழுத்தாகவும் வரைபடமாகவும் காட்டும்பொருட்டு, எதிர்மின் கதிர்க் குழாய் ஒன்றை அதனோடு இணைத்திருந்தனர். தொலைக்காட்சிப் பெட்டியின் இருதயமாக விளங்கியதும் அத்தகைய குழாயே.

மான்குர்த்துக்கு அடுத்திருக்கும் டிராம்பேயில் மற்றோர் அத்தியாயம் நிகழ்ந்தது. 1954-இல் அங்கு நிறுவப்பெற்ற அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் 1967-இல் பாபாவின் பெயரைப் பெற்றது. அதன் மின்னணுப் பிரிவிலிருந்து, அதே 1967-ஆம் ஆண்டில், ஹைதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் பிறந்தது, ஈ.சி.ஐ.எல். என்பது அதன் சுருக்கம். 1969-இல் வெளிவந்த டி.டி.சி.-12 என்ற கணினியின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர். அதே கழகம் பின்னாளில் ‘ஈ.சி.’ என்னும் பெயருடைய தொலைக்காட்சிப் பெட்டிகளையும் செய்து விற்றது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக் கோள் வழியாகச் சுமார் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தபோது, அவ்வூர்களில் வைக்கப்பட்ட பெட்டிகளும் அக்கழகம் செய்தவையே. ஆகக் கணினியும் தொலைக்காட்சியும் நம் நாட்டில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகவே வளர்ந்தன. ஆயினும் முன்னது ஆய்வுக்கூடத்தில் இருந்தது. பின்னது வீட்டுக்கு வந்தது.

தொலைக்காட்சி வீட்டுக்கு வந்த வரலாறு நேயர்களுக்குத் தெரிந்ததே. தில்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் சோதனை ஒளிபரப்புத் தொடங்கிற்று. பம்பாய் 1972 அக்டோபர் 2-ஆம் நாளிலும், சென்னை 1975 ஆகஸ்டு 15-ஆம் நாளிலும் அதைப் பெற்றன. 1982-இல் வண்ணம் வந்தது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒரு பெட்டியைச் சுற்றித் தெருவே கூடியிருந்த காலம் அது.

இங்ஙனம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு திரை இருந்தமையால்தான் வீட்டுக் கணினி என்னும் பொருள் பிறந்தது. கணினிக்கு மிகுந்த செலவு வைக்கும் உறுப்புக்களில் திரையும் ஒன்று. அதனை உடன் விற்காமல், ‘உம்முடைய தொலைக்காட்சியிலேயே காண்க’ என்று சொல்லிவிட்டால் விலை பெரிதும் குறையும் அல்லவா? 1973-இல் அமெரிக்கராகிய டான் லான்காஸ்டர், சாதாரணத் தொலைக்காட்சித் திரையில் எழுத்துக்களைத் தோற்றுவிக்கும் கருவியை ஒரு மின்னணுப் பத்திரிகையில் விளக்கி எழுதினார். இங்கிலாந்தில் சிங்க்ளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரத்தை வெளியிட்டது. நம் நாட்டில் புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் நிறுவனம் 1986-இல் அதன் உரிமம் பெற்ற வடிவை விற்கத் தொடங்கிற்று. 1984-இல் அரசாங்கம் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினித் திட்டத்தில் முதற்கண் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கணினி சென்றது. இவையெல்லாம் தொலைக்காட்சி தனக்குத் துணை நிற்கும் என்ற நம்பிக்கையிலேயே வடிவமைக்கப்பட்டவை.

அந்நம்பிக்கை எவ்வாறு செயற்பட்டது? தொலைக்காட்சிப் பெட்டி அறிந்தது ஒளிபரப்பு நிலையத்தின் அலைகளை மட்டுமே. ஆகவே கணினி தன்னையும் ஒரு சிறு ஒளிபரப்பு நிலையமாக ஆக்கிக்கொண்டது. ஸ்பெக்ட்ரத்தின் உள்ளே தீப்பெட்டியினும் சற்றுப் பெரிய தகரப் பெட்டி ஒன்று உண்டு. கணினி வரைந்த படத்தை அது வானொலி அலையின்மீது ஏற்றி, இங்கிலாந்தின் 36-ஆம் அலைவரிசையில், அதாவது சுமார் 591 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், கம்பி வழியே அனுப்பும். பெட்டியின் குமிழைத் திருகி அந்த இடத்துக்கு வந்தால் படம் தோன்றும்.

நண்பரின் தமையனாருக்கு முதல் இடையூறு இங்கேயே ஏற்பட்டது. அந்நாளில் நம் நாட்டுப் பெட்டிகள் பலவற்றில் தாழ்ந்த அதிர்வெண்ணில் உள்ள 12 அலைவரிசைகளே இருந்தன; 36-ஆம் எண் அவற்றின் குமிழில் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தகரப் பெட்டியைத் திறந்து, அலையின்மீது ஏறுவதற்கு முன்னுள்ள படக் குறியை நேராகவே வெளியே எடுத்தார். தொலைக்காட்சியில், அலையிலிருந்து படத்தை இறக்கிக்கொண்ட பின்னுள்ள இடத்தில் அதைச் சேர்த்தார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. படம் நேர் வழியிற் சென்றது.

இதில் உயிராபத்து ஒன்று மறைந்திருந்தது. அக்காலப் பெட்டிகள் பலவற்றின் உட்சட்டம் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புடையது. அதனோடு ஒரு கம்பியை இணைத்தால் கணினியைத் தொடுபவர் மின்சாரத்தையே தொட்டவராவார். பழுதுபார்க்கும் தொழிலிலிருந்த தமையனார் இதை நன்கறிவார். ஆதலின், மோட்டார் பாட்டரியிலும் ஓடக்கூடிய சிறு கறுப்பு-வெள்ளைப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அத்தகைய பெட்டியில் மின்மாற்றி இடையில் நின்று வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவைக்கும். பழைய பெட்டிகளைத் திறக்க விழையும் இளைஞர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் படக்குழாயில் கொடிய மின்னழுத்தம் சில காலம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

அவருக்கு இருந்த இரண்டாவது இடையூறு தமிழெழுத்து. ஸ்பெக்ட்ரத்தில் ஆங்கில எழுத்துக்களே உண்டு. ஆனால் பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்வதற்கென்று 21 எழுத்து வடிவங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தனர். ஒவ்வொன்றும் எட்டு வரிசையும் எட்டு நிரையும் கொண்ட 64 புள்ளிகளின் கட்டம். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் 21-க்குள் அடங்கா. ஆகவே உயிரெழுத்தை முதலில் காட்டி, பின்னர் அவ்விடங்களை அழித்து மெய்யெழுத்தை வரையும்படி அவர் செய்திருந்தார். ணகரத்தின் சுழிகள் எட்டு நிரைக்குள் அடங்காமையால் அதற்கு இரண்டு கட்டங்களை அளித்தார். மெய்யெழுத்தின் தலைமேல் ஒரே ஒரு புள்ளியை வைத்தார். அதுவே அதன் புள்ளி. இவையனைத்தும் அவர் கைப்படக் கட்டக் காகிதத்தில் வரைந்தவை. அத்தாள்களில் இரண்டு ஒலிநாடாவின் உறைக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தன.

இனி மறு கரைக்கு வருவோம். நாற்பது ஆண்டுகளில் தொலைக்காட்சி முற்றிலும் மாறிவிட்டது. படக்குழாய் போய்த் தட்டைத் திரை வந்தது. படத்தையும் ஒலியையும் எண்களாகவே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பு முறை 2002 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டது. தூர்தர்ஷனின் தரைவழிப் பழைய ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டன. பழைய அலையைக் கேட்பதற்கு வேலை இல்லாது போகவே, அதனைக் கேட்கும் செவியும் தொலைக்காட்சிக்குத் தேவையற்றதாயிற்று. மஞ்சள் நிறப் படத் துளைகூடப் பல பெட்டிகளில் மறைந்து, காதணி ஒலிபெருக்கிக்கு இருப்பது போன்ற ஒரு சிறு துளையாகச் சுருங்கிவிட்டது.

நண்பரின் பெட்டியில் இருந்ததும் அச்சிறு துளையே. அதற்குள் செல்லும் முளையில் நான்கு வளையங்கள் உண்டு. அவற்றுள் எது படம், எது ஒலி, எது நிலம் என்ற வரிசை கம்பிக்குக் கம்பி வேறுபடுகிறது. நண்பர் வேறொரு கருவியின் கம்பியைச் செருகியிருந்தார். படம் வரவேண்டிய இடத்தில் நிலக்கம்பி வந்து நின்றது. ‘சிக்னல் இல்லை’ என்று திரை சொன்னதன் முதற் காரணம் இவ்வளவே. சரியான கம்பியை வாங்கி இணைத்தவுடன், ‘1982, சிங்க்ளேர் ரிசர்ச்’ என்ற ஆங்கில வரி திரையின் அடியில் தோன்றிற்று. கணினி உயிரோடுதான் இருந்தது.

ஆனால் படம் நிலைகொள்ளவில்லை. ஒரு கணம் தோன்றும், திரை இருளும், மீண்டும் தோன்றும். இதன் காரணத்தை விளக்க, தொலைக்காட்சிப் படம் எவ்வாறு வரையப்படுகிறது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும்.

பழைய ஒளிபரப்பில் ஒரு முழுப் படம் 625 வரிகளால் ஆனது. அதனை ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. ஒற்றை வரிகளை முதலிலும் இரட்டை வரிகளைப் பின்னரும், ஒவ்வொன்றும் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் அனுப்புவர். ஆகவே ஒவ்வொரு பாதிக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டரை வரிகள் சேரும். அந்த அரை வரிதான் சூட்சுமம். இரண்டாம் பாதியின் வரிகள் முதற் பாதியின் இடைவெளிகளிற் சென்று அமர்வதற்கு அதுவே வழி செய்கிறது. ஸ்பெக்ட்ரம் சிக்கனத்தைக் கருதி அந்த அரை வரியை விட்டுவிட்டது. அது ஒவ்வொரு முறையும் சரியாக 312 வரிகளை மட்டும் அனுப்பும். ஒரு வரிக்கு 64 மைக்ரோவிநாடி. கணக்கிட்டுப் பார்த்தால் விநாடிக்கு 50 படங்களுக்குப் பதிலாக 50.08 படங்கள் வருகின்றன.

படக்குழாய் இந்தச் சிறு பிழையைப் பொருட்படுத்தவில்லை. அதன் மின்கற்றை, ‘வரி முடிந்தது, திரும்பு’ என்ற கட்டளை வந்த கணத்திலே திரும்பும். ‘பக்கம் முடிந்தது, மேலே செல்’ என்றால் மேலே செல்லும். தட்டைத் திரையின் இயல்பு வேறு. அது வரும் படத்தை முதலில் தன் நினைவில் வாங்கி, இது இன்ன வகை என்று தீர்மானித்து, இலட்சக்கணக்கான தன் புள்ளிகளுக்குப் பகிர்ந்தளித்த பின்னரே காட்டும். வழக்கத்தினின்று சிறிது மாறுபட்ட குறியைச் சில பெட்டிகள் ஏற்க மறுக்கின்றன. சில பெட்டிகள் ஏற்றுக்கொண்டு தவறாகப் படிக்கின்றன.

நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது, ஓலை கிழியுமென்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் உண்டு. பழகிய புலவர் இடம் நோக்கி அதனைச் சரியாகவே படிப்பர். அச்செழுத்தில் மட்டும் பழகியவர் அதே ஓலையைக் கையிலெடுத்தால் மெய்யை உயிர்மெய்யாகப் படித்துத் தடுமாறுவார். ஓலையில் குற்றமில்லை, எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே இருந்த உடன்பாடு மறைந்துவிட்டது. ஸ்பெக்ட்ரத்தின் அரை வரி விடுபட்டதும் இத்தகையதே. படக்குழாய்க்கும் கணினிக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. தட்டைத் திரை அதில் கையெழுத்திடவில்லை.

பிறகு, கடையில் எளிதிற் கிடைக்கும் மாற்றுக் கருவி ஒன்றை வாங்கினோம். மஞ்சள் முளை ஒரு பக்கம், எச்.டி.எம்.ஐ. முளை மறு பக்கம், விலையும் சொற்பம். படம் நிலைத்து நின்றது. நண்பர் மகிழ்ந்தார். ஒலிநாடாவை ஓட்டினோம், சுமார் ஐந்து நிமிடத்தில் செய்நிரல் ஏறிற்று. உயிரெழுத்துக்கள் மங்கலாகவேனும் வந்தன. மெய்யெழுத்துக்கள் வந்தபோதுதான் குறை தெரிந்தது. தலைமேல் புள்ளிகளைக் காணோம். க், ங், ச் என்று இருக்கவேண்டிய இடத்தில் க, ங, ச என்றே திரை காட்டிற்று. ஓலைக்கு நேர்ந்தது கண்ணாடிக்கும் நேர்ந்தது!

அக்கருவி செய்தது இதுதான்: ஒவ்வொன்றும் முழுமையாகவே இருந்த படங்களை, ஒற்றை வரிப் பாதி, இரட்டை வரிப் பாதி என்று தவறாகக் கருதி, அடுத்தடுத்த வரிகளை ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒரே வரியில் தனித்து நின்ற புள்ளி பின்னணியிற் கரைந்து போயிற்று. மேலும், விநாடிக்கு 50 என்று வந்த படங்களை அது 60 என்று மாற்றி அனுப்பியதால், எழுத்து நகரும்போதெல்லாம் தயங்கித் தயங்கி நகர்ந்தது.

இதனைப் பொருட்படுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தமிழெழுத்தைக் கற்பிக்க இயற்றிய செய்நிரலில் புள்ளி மறைந்தால் எஞ்சுவது யாது? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை போன்ற துபாஷிகள் இரு மொழியினருக்கும் இடையே நின்று பேசினர். துபாஷி சொந்தச் சொல்லைக் கூட்டினாலும் தீங்கு. கேட்டதிற் பாதியை விழுங்கினாலும் தீங்கு. மாற்றுக் கருவியும் துபாஷியே. அதற்குப் புதிய மொழி மட்டும் தெரிந்தாற் போதாது. பழைய மொழி நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

அத்தகைய துபாஷிகள் இப்பொழுது உண்டு. பழைய கணினிகளிலும் விளையாட்டுக் கருவிகளிலும் ஈடுபாடு கொண்ட பொறியாளர்கள் பல நாடுகளில் இவற்றைச் செய்து வருகிறார்கள். இவை வரிகளைக் கலப்பதில்லை. வந்த ஒவ்வொரு வரியையும் அப்படியே இருமுறை அனுப்பி, 288 வரிகளை 576 வரிகளாக்குகின்றன. படத்தைத் தேக்கிவைத்து ஆராயாமையால் தாமதமும் அநேகமாக இல்லை. விநாடிக்கு 50 என்ற கணக்கும் மாறுவதில்லை. நம் நாட்டு ஒளிபரப்பும் 50 என்ற கணக்கிலேயே வளர்ந்ததால், இங்கு விற்கப்படும் தொலைக்காட்சிகள் அதனை இயல்பாக ஏற்கின்றன. மற்றொரு நண்பரிடமிருந்து இத்தகைய கருவியை இரவலாகப் பெற்றோம். படத்தை அகலப்படுத்தாமல் நான்குக்கு மூன்று என்ற பழைய அளவிலேயே வைக்குமாறு தொலைக்காட்சியில் அமைத்தோம். தொலைக்காட்சி தானாகச் செய்யும் மெருகு வேலைகளை நிறுத்தி, விளையாட்டுக்குரிய முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

இம்முயற்சியில் இறங்குவோர் இணைப்பை மட்டும் கவனித்தாற் போதாது. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் மின்சார முளையில் நடுவே இருப்பது எதிர்முனை. இன்று கிடைக்கும் பெரும்பாலான மின்னிணைப்பிகளில் நடுவே நேர்முனை இருக்கும். ஆராயாமற் செருகி, நாற்பது ஆண்டு வாழ்ந்த கருவியை ஒரு நொடியிற் கொன்றவர் பலர். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வறண்டிருக்கலாம். விசைப் பலகையின் மெல்லிய நாடாக்கள் நொறுங்கலாம். ஒலிநாடாவை ஓட்டுமுன் கருவியின் முனையைத் துடைத்துச் சுத்தம் செய்தல் நலம். முதல் முறை ஓடும்போதே அதன் ஒலியை இன்றைய கணினியில் பதிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை ஓட அந்த நாடா இசையாமற் போகலாம். நாங்கள் அப்படியே பதிந்துவைத்தோம். பழைய கணினியைப் போலவே நடிக்கும் செய்நிரல்கள் இன்று உண்டு. கருவி ஒரு நாள் ஓய்ந்தாலும் பதிந்த ஒலியிலிருந்து எழுத்துக்களை மீட்கலாம்.

அன்று மாலை நண்பரின் வீட்டில் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். தமையனாரின் மகளும் வந்திருந்தார். எந்தக் குழந்தைக்காக அந்தச் செய்நிரல் எழுதப்பட்டதோ அக்குழந்தை அவரே. ஒலிநாடா ஓடத் தொடங்கியதும் திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமும், பின்னர் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் துள்ளின. பிறகு அகரம் தோன்றிற்று. அது நல்ல சிவப்பு நிறத்தில் இருந்தது. அடுத்துப் பன்னிரண்டு உயிரும் சிவப்பிலேயே வந்தன. மெய்யெழுத்துக்கள் பச்சையில் வந்தன. ஒவ்வொன்றின் தலைமீதும் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி நின்றது.

அறையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. அவர்கள் வீட்டில் அந்நாளில் இருந்தது கறுப்பு-வெள்ளைப் பெட்டி என்று முன்னமே சொன்னேன். அவர்கள் கண்டதெல்லாம் சாம்பலின் எட்டு வகைகளே. ஸ்பெக்ட்ரத்தில் கறுப்பு முதல் வெள்ளை வரையில் எட்டு நிறங்களுக்கும் எண்கள் உண்டு. ஒளியின் ஏறுவரிசையிலேயே அவ்வெண்கள் அமைந்திருப்பதால், வண்ணமில்லாத பெட்டியில் அவை படிப்படியாக வெளுத்துக்கொண்டு போகும். நிறங்களின் பெயர்கள் எண் விசைகளுக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும். தமையனார் அப்பெயர்களைப் படித்து, திரையில் தாம் காணவியலாத நிறங்களைத் தம் மகளுக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

“அப்பா இதை நிறத்தில் பார்த்ததே இல்லையே, சித்தப்பா” என்றார் அப்பெண்மணி.

“இல்லை அம்மா. கலர் டி.வி. வாங்கும்போது பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். வாங்கிய பிறகு பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம்” என்றார் நண்பர்.

நேயர்களே, இக்கதையை நான் சொன்னது பழம்பொருளைப் போற்றும் விருப்பத்தினால் மட்டும் அன்று. மான்குர்த்துக்கு அருகிலுள்ள தேவநார்க் குப்பை மேட்டையும், குர்லாவின் பழம்பொருட் கடைகளையும் அறிந்தவர்களுக்கு, மின்னணுக் கருவிகள் எத்துணை விரைவில் குப்பையாகின்றன என்பது தெரியும். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு; அதனை உடைக்கும் ஏழைத் தொழிலாளி அதன் நஞ்சையும் சுமக்கிறார். மின்னணுக் கழிவுக்கென நம் நாட்டில் முதல் விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டன. அவை பின்னர்த் திருத்தப்பட்டு, புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. உண்மையிலேயே செத்த கருவியை அவ்விதிப்படி அதற்குரிய இடத்தில் ஒப்படைப்பது நம் கடமை. ஆனால் உயிருள்ள கருவியைச் செத்தது என்று எண்ணி அனுப்புவது வேறு. அதனுள் ஒரு குடும்பத்தின் கையெழுத்து இருக்கக்கூடும். அக்கையெழுத்துக்கு மறுபடி வேறெங்கும் இராது.

‘சிக்னல் இல்லை’ என்று திரை சொல்லும்போது, அது கருவியைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு அன்று. தனக்குப் புரியவில்லை என்று அது தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலமே. அவ்வாக்குமூலத்தைத் தீர்ப்பாகக் கொண்டு நாம் எத்தனை பெட்டிகளைக் கைவிட்டோமோ! பரணில் கணினியோ, ஒலிநாடாவோ, விளையாட்டுப் பெட்டியோ உள்ளவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காக ஒதுக்க வேண்டுகிறேன். மின்முனையை ஆராயுங்கள், கம்பியின் வரிசையை ஆராயுங்கள், பழைய மொழி தெரிந்த துபாஷியைத் தேடுங்கள், நாடாவை முதல் ஓட்டத்திலேயே பதிந்துவையுங்கள்.

கழியின்மீது பாலம் வருமுன், மான்குர்த்தில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தவர்கள் அங்கு ஊர் இல்லை என்று சொன்னதில்லை. ரயில் இல்லை என்றுதான் சொன்னார்கள்.